உப்பு மாளிகையின் இரண்டாம் பக்கம்

என் அக்காவின் கணவர் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுப்பவர். ஊரில் பாதி வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆள் நுழைய முடியாத இடமாகப் பார்த்துத்தான் மீட்டரைப் பொருத்துவார்கள் போலிருக்கிறது. பழைய துடைப்பம், சக்கரம் கழன்ற சூட்கேஸ், காற்றுப்போன பந்து எல்லாவற்றையும் நகர்த்திவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்துபோய் எண்ணைப் பார்த்துக்கொண்டு வருவார். அப்படித் தவழ்ந்துபோன ஒரு வீட்டில்தான் அத்தானுடைய சேகரிப்பு ஆரம்பித்தது.

அங்கே ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் கிடந்தது. கீபோர்டுக்குள்ளேயே மொத்த இயந்திரமும் அடங்கிய அந்தக் காலத்து வகை. டிவியில் செருகவேண்டும். விளையாட்டுகள் பாட்டுக் கேசட் மாதிரியான கேசட்டில் வரும். டேப் ஓடும்போது காது கூசுகிற மாதிரி கீச்சென்று கத்தும். "எடுத்துக்கிட்டுப் போங்க, இடமாவது காலியாகட்டும்" என்றாராம் அந்த வீட்டுக்காரர். அத்தான் அன்றைக்கு மீதி வீடுகளுக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

அவருக்கு அது புதிய பொருள் அல்ல. பள்ளி இறுதித் தேர்வில் தோற்றுப்போன வருடம், அவருடைய அப்பா வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார். மகன் ஊர் சுற்றாமல் படிக்கவேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்குள் சித்தப்பா விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, ஒரே ஒரு கேசட்டோடு. அது எழுத்து மட்டுமே உள்ள சாகச விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. 'நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய். கிழக்கே ஆறு ஓடுகிறது' என்று திரையில் வரும். 'கிழக்கே போ', 'விளக்கை எடு' என்று நாம் தட்டவேண்டும். சரியான சொல்லைத் தட்டினால் வழி திறக்கும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான்.

"வெளிய பூட்டு தொங்கும். நான் ஆறு, மலை எல்லாம் தாண்டிப் போயிட்டு, அப்பா வர்றதுக்குள்ள திரும்பி வந்து புத்தகத்தை விரிச்சு வெச்சுக்குவேன்" என்று அத்தான் சொல்வார். அந்த வருடமும் அவர் தேர்வில் தேறவில்லை.

அக்கா வீட்டில் சாமான் வைக்கக் கட்டிய அறை இப்போது முழுக்க அந்தக் கேசட்டுகள்தான். எழுத்து விளையாட்டுகள் மட்டும். "படம் வந்துட்டா அப்புறம் நாம எதுக்கு?" என்பது அவர் கட்சி. டேப் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றையும் அவ்வப்போது முழுக்க ஓடவிட்டுச் சுற்றிவைப்பார். அக்கா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாத்திரை டப்பாக்களுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போடுகிற சின்னப் பொட்டலங்களைப் பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பாள். "மத்தவங்க புருஷனுக்கு மல்லிகைப்பூ வாங்கிட்டு வரத் தெரியும். எனக்கு வாய்ச்சவருக்கு நான் இதை வாங்கிட்டு வரணும்" என்பாள். கொண்டுவருவதை நிறுத்தமாட்டாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நாடு முழுக்க ஒரு கைப்பிடி இருக்கிறார்கள். போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பெரிய ஆள் தோல் நோய் மருத்துவர் ஒருவர். எல்லோரும் 'தோல் டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேசட் வாங்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் விளையாடி முடிப்பதில் அத்தான்தான். யாராவது எங்காவது சிக்கிக்கொண்டால், "மீட்டரைக் கேளுங்க" என்பார்கள். வாழ்க்கையில் அவரை யாரும் எதற்கும் இப்படித் தேடியதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

அந்தக் குழுவில் எல்லோரும் தேடிக்கொண்டிருந்த கேசட் ஒன்று இருந்தது. பெயர் 'உப்பு மாளிகை'. எந்தக் கம்பெனியும் வெளியிட்டதல்ல. ஒரு கணவனும் மனைவியும் வீட்டிலேயே எழுதி, கையாலேயே அட்டை வரைந்து, சொற்பப் பிரதிகள் விற்றதாகக் கேள்வி. ஒரு பழைய பத்திரிகையில் அதற்கு இரண்டு வரி விளம்பரம் வந்திருந்தது. அவ்வளவுதான். பார்த்தவர் யாரும் இல்லை.

அத்தான் பார்த்தார். வழக்கம்போல ஒரு மாடிப்படிக்கு அடியில்.

குடிநீர் வாரியத்தில் அவருக்குப் புதிதாக ஒதுக்கிய தெருவில், 'கணக்கு டியூஷன்' என்ற பலகை துருப்பிடித்துத் தொங்கிய வீடு. எழுபதைத் தொட்ட ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். முழங்கால் வலி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். அத்தான் உள்ளே தவழ்ந்தார். மீட்டருக்குப் பக்கத்துத் தட்டில், வெள்ளைக் கோபுரம் வரைந்த ஒரு கேசட் அட்டை டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. தன்னை மறந்து எழுந்ததில் தலை படியில் 'ணங்' என்று மோதியது.

"இடிச்சுக்கிட்டீங்களா தம்பி?"

"டீச்சர், இது... உப்பு மாளிகையா?"

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, "வெளிய வாங்க முதல்ல" என்றார்.

விஷயம் இதுதான். அவரும் கணவரும் சேர்ந்து அந்த விளையாட்டை எழுதினார்கள். கணவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். மாளிகையின் அறைகளையும் புதிர்களையும் டீச்சர் தாளில் போட்டுக் கொடுப்பார். அவர் கம்ப்யூட்டரில் தட்டுவார். விற்றது கேசட்டின் முதல் பக்கம் மட்டும்தான். சில வருடங்கள் கழித்து, கணவர் தனியாக உட்கார்ந்து இரண்டாம் பாகத்தை எழுதி, தங்களிடம் இருந்த பிரதியின் மறுபக்கத்தில் பதிந்துவைத்தார்.

"முடிச்சுட்டேன், நீயே விளையாடிப் பாருன்னார். அப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை சரியா இல்லை. ஆகட்டும் பார்க்கலாம்னு விட்டுட்டேன். அவர் போயிட்டார். அப்புறம் நான் ஆரம்பிச்சேன், பாதியில மெஷினும் போயிடுச்சு. அதுல என்ன எழுதினார்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

அத்தான் விலை பேசிப் பார்த்தார். டீச்சர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"விக்கிறதா இல்லை. ஆனா ஒண்ணு செய்யலாம். உங்க மெஷினை இங்க கொண்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுவோம். கடைசிவரைக்கும் போய் எனக்கு முடிச்சுக் காட்டுங்க. காட்டிட்டு நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க."

கரும்பு தின்னக் கூலியா என்று அத்தானுக்குத் தோன்றியிருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான்தான் என் வேனில் கம்ப்யூட்டரையும் பழைய டிவியையும் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். டேப் எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகலாம் என்று சொல்லி, அத்தான் அங்கேயே ஒரு நகல் எடுத்துக்கொண்டார். டீச்சர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"பத்திரத்துக்கு வெச்சுக்குங்க. வீட்டுல போட்டு விளையாடக் கூடாது. உள்ள எழுதியிருக்கறதைப் பிரிச்சுப் படிக்கவும் கூடாது. பின்பக்கம் விடையைப் பார்த்துட்டுக் கணக்குப் போடற பசங்களை நான் பாஸ் போட்டதே இல்லை, தெரியுமா?"

அத்தான் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

முதல் பக்கத்தை முடிக்கச் சில ஞாயிறுகள் ஆயின. அவருடைய வாழ்க்கையின் நல்ல நாட்களில் அவையும் சேரும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். ஒரு அறையில் அவர் திணறும்போது டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாராம், தான் வைத்த புதிர் என்ற பெருமையில். மாளிகையின் கடைசி அறையில் கீழே இறங்கும் படிக்கட்டு வந்தது. டேப்பைத் திருப்பிப் போட்டார்கள்.

இரண்டாம் பக்கம் ஒரு சுரங்கத்தில் ஆரம்பித்தது. சுரங்கத்தின் முடிவில் இரும்புக் கதவு. கதவுக்கு முன்னால் ஒரு காவலாளி. எதைக் கொடுத்தாலும் வாங்கமாட்டான், எதைச் சொன்னாலும் நகரமாட்டான். ஞாயிறு போய் ஞாயிறு வந்தது, காவலாளி அசையவில்லை. கேசட் கிடைத்த செய்தியை அத்தான் குழுவில் போட்டிருந்தார். தோல் டாக்டர் தினமும் கேட்டார், முடிந்ததா, முடிந்ததா என்று. மீட்டர் நின்றுபோய்விட்டதா என்று ஒருவர் எழுதினார். எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள்.

அதுதான் அத்தானை உறுத்தியது. ஒரு நாள் மத்தியானம் ரீடிங் சீக்கிரம் முடிந்துவிட்டது. அக்கா கடையில் இருந்தாள். வீட்டிலிருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் நகல் கேசட்டைப் போட்டு, விளையாடாமல், உள்ளே எழுதியிருந்ததை வரிவரியாகத் திரையில் வரவழைத்தார். காவலாளிக்கு என்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதாகத்தான் எண்ணம்.

விடை அற்பமானது. 'உட்கார்' என்று தட்டவேண்டும். நீ உட்கார்ந்தால் காவலாளியும் உட்காருவான். உட்கார்ந்தவன் தூங்கிவிடுவான். அவ்வளவுதான்.

அவருடைய கண் அதற்கு அடுத்த வரிக்குப் போய்விட்டது.

இரும்புக் கதவுக்குப் பின்னால் மாளிகை இல்லை. டீச்சருடைய வீடு இருந்தது. அதே கூடம், அதே மாடிப்படி, அதன் அடியில் அதே மீட்டர்.

'நீ சமையலறையில் இருக்கிறாய். உன் மனைவி இங்கே இருக்கிறாள். நீ வந்த நேரத்தை அவள் மனதில் குறித்துக்கொள்கிறாள்.'

'நீ கூடத்தில் இருக்கிறாய். வடக்கே வாசல். வாசலில் உன் மனைவி நிற்கிறாள். எங்கே என்று கேட்கிறாள்.'

வடக்கே போனால், 'நீ மறுபடியும் சமையலறையில் இருக்கிறாய்.' மாடிக்குப் போனாலும் சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். 'மனைவியிடம் பேசு' என்று தட்டினால், 'அவள் பதில் சொல்லவில்லை. சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறாள்.' அந்த வீட்டிலிருந்து வெளியேற ஒரு வழியும் எழுதப்படவில்லை. விளையாட்டை முடிக்க ஒரே வழி, கட்டிலில் படுத்துக்கொள்வது. 'நீ படுத்துக்கொள்கிறாய். நாளையும் இதே வீடு. விளையாட்டு முடிந்தது. உன் மதிப்பெண்: பூஜ்யம்.'

அத்தான் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அக்கா வந்து விளக்கைப் போட்டபோது பேயறைந்த மாதிரி இருந்தார் என்று அவளே சொன்னாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லை. ரொம்ப நாள் முன்னாடி செத்தவர்தான்."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். உடனேயே, "சொல்லாம எப்படி இருப்பீங்க?" என்றும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தார். டீச்சரே போன் செய்தார். "உங்களுக்கு முடியலைன்னா பரவாயில்லை தம்பி. என் அண்ணன் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். அவனை வரச்சொல்றேன், அவன் உள்ள புகுந்து பார்த்துச் சொல்லிடுவான். எனக்கும் வயசாகுதில்ல. எத்தனை நாள்தான் கொள்கை பேசிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது?"

அத்தான் அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடினார்.

அதிலிருந்து இரண்டு வருடம், ஒரு ஞாயிறு விடாமல், நாட்டிலேயே இந்த விளையாட்டில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய மனிதர் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தார். 'விளக்கைக் கொடு.' காவலாளி வாங்கவில்லை. 'பாட்டுப் பாடு.' காவலாளி கேட்கவில்லை. உட்காரச் சொல்வது மாதிரியான எந்தச் சொல்லுக்கும் டீச்சர் வாயெடுக்கும்முன் வேறு ஒன்றைத் தட்டிவிடுவார். "தம்பி, காத்திருன்னு போட்டுப் பார்த்தா என்ன?" என்று டீச்சர் ஒரு நாள் கேட்டபோது அவருக்கு முதுகு நனைந்துவிட்டது. நல்லவேளை, அந்தச் சொல் அந்த விளையாட்டுக்குத் தெரியாது.

தோற்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். டீச்சர் வாரம் முழுக்கச் செய்துவைத்த வேலையைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. கணவர் வரைபடக்காரர், எதையும் கணக்கோடுதான் செய்வார், ஆகவே காவலாளிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று டீச்சர் முடிவுகட்டியிருந்தார். மாளிகையில் கிடைத்த பொருட்களை எந்த வரிசையில் கொடுக்கவேண்டும் என்று கட்டம்போட்ட தாள்களில் நுணுக்கி நுணுக்கி எழுதிவைப்பார். ஞாயிறு வந்ததும் அத்தானிடம் நீட்டுவார். அத்தான் அவற்றை ஒன்றுவிடாமல் தட்டவேண்டும். ஒரு வாரம் டீச்சர் சோர்ந்துபோய், "எனக்கு மூளை மழுங்கிடுச்சு போல" என்று சொன்னபோது, மனம் கேட்காமல், "விளக்குல ஒரு எண் இருந்துச்சே டீச்சர், அதை வெச்சுப் பாருங்களேன்" என்று சொல்லித் தொலைத்தார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு டீச்சர் மாதக்கணக்கில் உழைத்தார்.

"நல்லது செய்யறேன்னு போய், அந்தம்மாவை ஒரு செக்குல கட்டிட்டேன்டா" என்று என்னிடம் சொன்னார். வேனில் போய்க்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

இந்தப் பக்கம் தோல் டாக்டர் விடவில்லை.

"அட்ரஸைக் குடுங்க, நான் பேசிக்கறேன்."

"அந்தம்மா வெளியாளைச் சேர்க்கமாட்டாங்க டாக்டர்."

"நகலாவது அனுப்புங்க. ஒரே நாள்ல முடிச்சுக் குடுக்கறேன்."

"நகல் சரியா வரலை டாக்டர். டேப் ரொம்ப மோசம்."

"ரெண்டு வருஷமா ஒரே கதவு முன்னாடி நிக்கறீங்களா? நீங்களா?"

குழுவில் யாரும் இப்போது மீட்டரைக் கேளுங்கள் என்று சொல்வதில்லை. என் மகளுடைய பள்ளி விழா ஒரு ஞாயிறு வந்தது. அவள் முதல்முறையாக மேடையேறிப் பேசினாள். அத்தான் வரவில்லை. அக்கா தனியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, "உங்க மாமா தோத்துப்போகப் போயிருக்காரும்மா" என்றாள். குழந்தைக்குப் புரியவில்லை.

முடிவு வந்தது ஒரு மழை நாளில். டீச்சருக்கு அன்றைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அத்தான் டீ போட உள்ளே போனார். அந்தச் சமையலறையில் எந்த டப்பாவில் எது என்று அதற்குள் அவருக்கு அத்துப்படி. டம்ளர்களோடு திரும்பி வந்தால், டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலிக்கு மாறியிருந்தார். ஒற்றை விரலால் ஏதோ தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"கால் வலி தாங்கலை தம்பி. நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காருடான்னு நினைச்சு 'உட்கார்'னு போட்டேன். பாருங்க, அவன் உட்கார்ந்துட்டான்!"

அத்தான் டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

"டீச்சர், மெஷின் சூடாயிடுச்சு. கொஞ்சம் அணைச்சுட்டு..."

"கைய எடுங்க."

வகுப்பில் சொல்லும் குரலில் சொன்னார். அத்தான் கையை எடுத்துவிட்டார்.

காவலாளி தூங்கினான். கதவு திறந்தது. 'நீ சமையலறையில் இருக்கிறாய்' என்று வந்தது. டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பாடம் நடத்துவதைப்போல ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். மனைவி நேரத்தைக் குறித்துக்கொள்கிறாள் என்ற இடத்தில் நிறுத்தினார். கூடத்துக்குப் போனார். வாசலுக்குப் போனார். மறுபடி சமையலறை வந்தது. மாடி. மறுபடி சமையலறை.

"இது எங்க வீடு" என்றார்.

"ஜன்னலுக்கு எதிர்ல சுவர் இருக்குன்னு எழுதியிருக்கார். அந்தச் சுவரைப் பக்கத்து வீட்டுக்காரன் கட்டினான், அதுக்கும் நானா பொறுப்பு?" கொஞ்சநேரம் கழித்து, "வாசல்ல நின்னு எங்கேன்னு கேட்பேன். அது நிஜம். சீட்டாடப் போயிட்டு விடிஞ்சு வர்ற ஆளை எங்கேன்னு கேக்காம என்ன செய்யறது?" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. அத்தான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியில் அவரே கட்டிலைக் கண்டுபிடித்து, 'படு' என்று தட்டினார். மதிப்பெண் வந்தது.

"பூஜ்யமா!" என்றார். அது வரைக்கும் கலங்காத முகம் அப்போதுதான் மாறியது. "முப்பது வருஷம் எத்தனை மக்குப் பசங்க வந்திருக்காங்க. படியைப் போட்டிருந்தா அதுக்காவது ஒரு மார்க் குடுத்திருக்கேன். நான் யாருக்குமே பூஜ்யம் போட்டதில்லை."

பிறகு டீச்சர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார்.

"உங்களுக்கு ஆச்சரியமாவே இல்லையே, தம்பி."

அத்தானுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எப்போது படித்தார் என்பதையும் சொன்னார்.

"அப்ப நான் வாராவாரம் போட்டு வெச்ச கணக்கு?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"விளக்குல எண் இருக்குன்னு சொன்னது?"

அத்தான் மேஜையில் கிடந்த கட்டத்தாள்களைப் பார்த்தார்.

"அவர் எழுதினதையெல்லாம் என் மூஞ்சிக்கு நேராவே சொன்னவர்தான். இதுல புதுசா ஒண்ணுமே இல்லை. சொல்லாம விட்டது ஏதாவது இருக்குமோன்னுதான் நான் இத்தனை நாள் தேடினேன்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா நீங்க வாராவாரம் என் பக்கத்துல உட்கார்ந்து, நான் முட்டிக்கறதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. எனக்குத் தாங்காதுன்னு நீங்களே முடிவு பண்ணீங்க. எழுந்து போங்க. பேசினபடி கேசட்டை எடுத்துக்கிட்டுப் போங்க."

"நான் முடிக்கலை டீச்சர். நீங்கதான் முடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு, கேசட்டைத் தொடாமல், கம்ப்யூட்டரையும் அங்கேயே விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டே அத்தான் வீட்டுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் இருந்தார். எழுந்தார், உட்கார்ந்தார், கேசட் அறைக்குப் போனார், திரும்பினார். பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத முதல் ஞாயிறு. ஆனால் மனிதர் விடுபட்ட மாதிரித் தெரியவில்லை. தோல் டாக்டர் போன் செய்தபோது, டேப் அறுந்து நாசமாகிவிட்டது, இனி அதைத் தேடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். குழுவின் தேடல் பட்டியலிலிருந்து 'உப்பு மாளிகை' போயிற்று. நகல் அவருடைய அலமாரியின் பின்வரிசையில் அட்டையில்லாமல் இருக்கிறது. டீச்சரைத் தவிர உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத பொருள். யாரிடமும் காட்டவும் முடியாது.

ரீடிங் எடுக்கும் முறை மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தது. அத்தான், தன்னோடு வேலை பார்க்கிற ஒருவரிடம் தெருவை மாற்றிக்கொள்ளப் பார்த்தார். மேலதிகாரி, "ஏன், அங்க நாய் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் போய் வேலையைப் பாரும் என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் கதவைத் திறந்தார். "மீட்டர் அங்கதான் இருக்கு" என்றார், புதிய ஆளிடம் சொல்வதைப்போல. அத்தான் தவழ்ந்துபோய், பார்த்துவிட்டு, முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாசலை நோக்கி நடந்தார்.

"ஒரு சந்தேகம் கேக்கணும்" என்றார் டீச்சர். "அந்தப் பொம்பளைகிட்ட பேசுன்னு போட்டா, அவ பதில் சொல்லலைன்னு வருதே. அந்த ஒரு வரியை மாத்த முடியுமா?"

கம்ப்யூட்டர் விட்ட இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் பேனாவும் தாளும். டீச்சர் அதைத் தினமும் போட்டிருக்கிறார் என்று அத்தானுக்குப் புரிந்தது. தெருவில் பாதி வீடுகள் பாக்கி. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்த வரியைத் தேடி எடுத்துக் காட்டினார். "மெமரியில இடம் அதிகம் இல்லை டீச்சர். சார் கடைசிவரைக்கும் நிரப்பிட்டார். சின்னதாத்தான் எழுத முடியும்."

டீச்சர் தாளில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் சொல்லச் சொல்ல அத்தான் தட்டினார். 'அவள் பேனாவை மூடி வைக்கிறாள். என்ன என்று கேட்கிறாள்.'

"இதுக்கு மேல?" என்றார் அத்தான்.

"இதுக்கு மேல அவர்தான் பேசணும். அவர் என்ன பேசியிருப்பார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாற்றியதை ஒரு புதிய கேசட்டில் பதிந்து கொடுத்தார். பழையதன்மேல் பதியவேண்டாம் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரிகளை எப்படி வரவழைப்பது, எப்படி மாற்றுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுபடி வரச்சொல்லவில்லை. அத்தானும் கேட்கவில்லை. அன்றைக்கு ரீடிங் முடிக்க இருட்டிவிட்டது.

போன ஞாயிறு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா அத்தானை ஏணியில் ஏற்றி மின்விசிறியைத் துடைக்க வைத்திருந்தாள். போன் அடித்தது. அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு, ஏணிமேல் இருந்தவரிடமே நீட்டினாள். டீச்சரின் குரல் எனக்கும் கேட்டது.

"தம்பி, நான் இன்னொரு இடத்துல கொஞ்சம் எழுதிச் சேர்க்கப் பார்த்தேன். இடமில்லைன்னு வருது."

"ஆமா டீச்சர். ஏதாவது பழைய வரியை எடுத்தாத்தான் புதுசு போட முடியும். சார் எழுதினதுல எதை எடுக்கலாம்னு சொல்லுங்க, எப்படின்னு நான் சொல்றேன்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அதுதான் தெரியலை. காலையிலேருந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். எல்லாமே நடந்ததுதானே? எதைன்னு எடுக்கறது?"

அத்தான் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, போனைக் காதோடு அணைத்தபடி, "படிங்க டீச்சர், ஒவ்வொண்ணாப் படிங்க, கேக்கறேன்" என்றார். ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.